இரண்டாம் மனுதாரருக்கு உடல்நலம் சரியில்லை

தனியாகவா வந்தீர்கள்?

ஆட்டோவில் யாரும் இல்லையா? நன்றாகப் பார்த்தீர்களா? சரி, வாருங்கள். செருப்போடு வரலாம். கோர்ட் ஆளைச் செருப்பைக் கழற்றச் சொல்கிற வீடு இல்லை இது. அந்த நாற்காலி வேண்டாம், அது வேறு ஆளுக்குப் போட்டது. இதில் உட்காருங்கள்.

வாரண்டை மடித்து வையுங்கள். எனக்கு மனப்பாடம். செங்கோடன், இரண்டாம் மனுதாரர். எதிர்மனுதாரர் ரேணுகாவுக்குக் கட்டவேண்டிய வழக்குச் செலவைக் கட்டத் தவறிவிட்டார். ஆகவே அவர் வீட்டிலிருக்கும் அசையும் பொருள்களை அமீனா ஜப்தி செய்க. அவ்வளவுதானே?

பணம் இல்லாமல் இல்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த பீரோவில் இருக்கிறது. தீர்ப்பு வந்த வாரமே பாங்கிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். கொடுக்க மாட்டேன், அவ்வளவுதான். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்காமலே சொல்வேன்.

ஜப்திக்கு அமீனா மட்டும் வந்தால் போதாது. பணம் வரவேண்டியவர் கூடவே வந்து, இந்த டி.வி., இந்த பீரோ என்று கை காட்டணும். காட்டினால்தான் நீங்கள் தொடலாம். சரிதானே? என் வக்கீல் நல்லசிவம் சொன்னார். அவர் சொன்ன அன்றிலிருந்து நான் இந்த நாளுக்குத்தான் காத்திருக்கிறேன்.

யார் வருகிறார், ரேணுகா பக்கத்து வக்கீலின் குமாஸ்தாவா? அவன் எதற்கு? என் வீட்டுச் சாமான் அவனுக்கு என்ன தெரியும்? இந்த வீட்டில் குடித்தனம் நடத்தியவள் ரேணுகா. என் மருமகள். எந்த அலமாரியில் எந்தப் பாத்திரம் இருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவள் வரட்டும். என் பேத்தி பாப்பாவுக்குக் காலாண்டுப் பரீட்சை லீவு. வீட்டில் தனியாக விட்டுவிட்டு வர மாட்டாள். கூட்டிக்கொண்டுதான் வருவாள். கோர்ட்டுக்கு ஒரு வாய்தா தவறியதில்லை அவள். சொல்ல வேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும்.

டீ? நான் போட்டால் வாயில் வைக்க முடியாது. வேண்டாமா, நல்லது. குமாஸ்தா வரும்வரை கேளுங்கள். தீர்ப்பைப் படித்துவிட்டு என்னைப் பற்றி ஒரு நினைப்போடு வந்திருப்பீர்கள்.

நான் ரிக் வண்டிக்காரன். போர் போடுகிறவன். மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று நாற்பது வருஷம். பாதிக் குழியில் வண்டியைக் கிளப்புகிற ஆள் இல்லை. நிலத்துக்காரன் போதும் என்பான். இன்னும் ஐம்பது அடி போடுங்க என்பேன் நான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகுதான் வீட்டில் உட்கார்ந்தேன். ஒரே மகன், தனசேகர். மஸ்கட்டில் வேலை. கட்டின பெண் இங்கே என்னோடு. ஒரு பேத்தி. தன்ஷிகா என்று பேர் வைத்தார்கள். எனக்கு வாயில் நுழையாது. பாப்பாதான்.

பிரச்சினை என்ன என்றால் ஒன்றுமில்லை. அவள் வேலைக்குப் போகணும் என்றாள். நான் ஒரு வார்த்தை சொன்னேன். வீட்டுக்குப் பெரியவன் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? அவள் போனில் மகனிடம் சொன்னாள். அவன் ஒரு வார்த்தை சொன்னான். அது பெரிய வார்த்தை. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஈரோட்டுக்குப் போய்விட்டாள், அம்மா வீட்டுக்கு. அங்கே ஒரு பைனான்ஸ் ஆபீஸில் கணக்கு எழுதுகிற வேலை.

பிள்ளையைக் கேட்டு மனுப் போட்டோம். முதல் மனுதாரர் மகன், இரண்டாம் மனுதாரர் நான். அப்போது இருந்த ஜட்ஜ் நல்ல மனுஷன். கேஸ் முடிகிறவரைக்கும், விசாரணைக்கு வருகிற நாளில் தாயார் பிள்ளையைக் கூட்டி வரணும், கோர்ட்டிலேயே ஒரு அறையில் வைத்து இவர் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அந்த அறை தெரியுமா உங்களுக்கு? கவுன்சலிங் ரூமுக்குப் பக்கத்தில். சுவரில் முயல் படம். ஒரு காது உடைந்த பிளாஸ்டிக் குதிரை. அங்கேதான்.

முதல் வாய்தாவில் அது என்னிடம் வரவே இல்லை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. இரண்டாவதில் நான் கொண்டுபோன தேங்காய் பன்னை வாங்கிக்கொண்டது. மூன்றாவதில் தாத்தனை அப்பாரு என்று கூப்பிட்டது. மூன்றாவது முடிந்து வெளியே வரும்போது வக்கீல் சொல்கிறார், "நம்ம பக்கம் ஸ்ட்ராங்குங்க. அடுத்த மாசம் சாட்சியம் ஆரம்பிச்சா, வருஷத்துக்குள்ள தீர்ப்பு வாங்கிரலாம்."

எனக்குத் திக்கென்றது. நீங்களே யோசியுங்கள். கேஸ் நடந்தால் வாய்தா. வாய்தா இருந்தால் பாப்பா. தீர்ப்பு வந்தால்? எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்குத் தெரியும்? பெண் பிள்ளை, தாயிடம்தான் கொடுப்பார்கள். ஊருக்கே தெரியும்.

"தீர்ப்பு வேண்டாம்" என்றேன்.

"வேண்டாங்களா?"

"வாய்தா வாங்குங்க."

"எத்தனை?"

"கொடுக்கற வரைக்கும்."

நல்லசிவம் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பீஸ் வருகிறது, அவருக்கென்ன. வாய்தா கேட்கக் காரணம் வேண்டுமே. கிழவனுக்கு என்ன காரணம் சொல்வார்கள், உடம்புதான். இரண்டாம் மனுதாரருக்கு உடல்நலம் சரியில்லை, ஆகவே விசாரணையை ஒத்திவைக்க வேண்டும். தெரிந்த டாக்டர் ஒருத்தர் இருந்தார். கேட்டதை எழுதிக் கொடுப்பார். முதலில் மூச்சிரைப்பு. அடுத்தது முட்டி. பிறகு தலைசுற்றல், கண், இடுப்பு. முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. கேஸ் கூப்பிடுகிற நேரத்துக்கு நான் ஜட்ஜ் கண்ணில் படாமல் வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் நிற்பேன். கூப்பிட்டு முடிந்ததும் அறைக்கு வந்துவிடுவேன். நல்லசிவம் ஒரு நாள் சொன்னார், "ஏனுங்க, நீங்க இப்படி விறுவிறுன்னு நடந்து வந்தா என்ற மானம் போகுமுங்க. கொஞ்சம் நொண்டியாச்சும் வாங்க." நொண்டினேன். பாப்பாவுக்காக நொண்டினால் என்ன.

இடையிடையே எதிர்ப்பக்கத்துக்கு அலைச்சல், அதற்குப் பணம் கொடு என்று காஸ்ட் போடுவார்கள். அன்றன்றைக்கே கையில் கொடுத்துவிடுவேன். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவள் வாங்கி, எண்ணாமல் பையில் போடுவாள்.

வருஷம் ஓடிற்று. பாப்பா ஸ்கூலில் சேர்ந்தது, முன்பல் விழுந்தது, முளைத்தது. எல்லாம் அந்த அறையில்தான் பார்த்தேன். ஒரு நாள் பன்னைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறது.

"அப்பாரு, இன்னிக்கு உங்களுக்கு என்ன?"

"என்ன கண்ணு?"

"உடம்புக்கு. போன தடவ மூச்சு. இன்னிக்கு என்ன?"

"முட்டி" என்றேன்.

கையை நீட்டி முட்டியைத் தொட்டுப் பார்த்தது. "வலிக்குதா?"

"இல்ல."

"அப்பறம் ஏன்?"

சின்னப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? பன்னைத் தின்னு என்றேன். "வேண்டாம், வாந்தி வரும்" என்றது.

அதுதான் ஒரு குறை பிள்ளையிடம். வாந்தி. ஈரோட்டில் பஸ் ஏறினதிலிருந்து எடுக்கும். கையில் எப்போதும் ஒரு பாலிதீன் கவர். பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன் நான். ரேணுகா சொன்னாள், "பஸ்ஸில்லைங்க மாமா. காலைல எந்திரிச்சு, இன்னிக்கு வாய்தாவான்னு கேக்கும். ஆமான்னா உடனே ஓடிப்போய் எடுக்கும். ஸ்கூல் டூருக்கு ஊட்டி வரைக்கும் போய்ட்டு வந்தா. ஒண்ணும் ஆகல."

அவள் ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் பிள்ளைக்கு ஒழுங்காகக் காலைச் சாப்பாடு கொடுப்பதில்லை. வெறும் வயிறு. வேறென்ன?

ஒரு மழைக்காலம். பிள்ளைக்கு அனலாகக் காய்ச்சல். சால்வையில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உத்தரவாயிற்றே, கூட்டி வந்துவிட்டாள். "ஏனுங்க மாமா, இந்த வாய்தாவோட பேசி முடிச்சரலாங்களா?" என்றாள்.

"நான் என்ன பண்ணறது அம்மிணி. எனக்கு உடம்பு சரியில்ல" என்றேன்.

தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தாள். பிள்ளையைச் சால்வையோடு இறுக்கிக்கொண்டாள். அன்றைக்குப் பாப்பா தூங்கிக்கொண்டே இருந்தது. நான் எதிரே உட்கார்ந்து நேரம் முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே போதும்.

மகன் மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டான். "அப்பா, விட்ருங்கப்பா. நான் அவகிட்ட பேசிட்டேன். லீவுல வந்தா ஊட்டுக்கே வந்து பாப்பாவைப் பாத்துக்கச் சொல்லிட்டா. கேஸு வேண்டாம்."

"உனக்கு லீவு ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா. எனக்கு?"

"உங்களையும் வரச் சொல்லறா."

"அவ வரச் சொல்லி நான் போகணுமா?"

அவன் விலகிக்கொண்டான். கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். நான் விலகவில்லை. முதல் மனுதாரர் இல்லாமல் இரண்டாம் மனுதாரர் மட்டும் நின்றேன். தெரிகிறதா? எனக்கு முன்னால் யாரும் இல்லை, இருந்தாலும் நான் இரண்டாம் மனுதாரர்தான்.

பிறகு புது ஜட்ஜ். பெண். பேச்சுக் குறைவு. கேஸ் கட்டைப் புரட்டினார். "இவருக்கு இவ்வளவு நோயா" என்று கேட்டாராம். "பிள்ளையை என் அறைக்கு அனுப்புங்கள், தனியாக" என்றாராம். போயிற்று. கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே பெஞ்சில் ஒரு கோடியில் நான், மறுகோடியில் அவள். எனக்குப் பதற்றம். தாய் என்ன சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்தாளோ என்று.

பிள்ளை என்ன சொல்லிற்று தெரியுமா? தீர்ப்பில் அப்படியே எழுதியிருக்கிறது. படித்திருப்பீர்கள். "அப்பாருக்கு உடம்பு சரியானா கேஸ் முடிஞ்சிரும்னு அம்மா சொன்னாங்க. நான் தினமும் சாமி கும்பிடறேன். இன்னும் சரியாகல. நீங்க நல்ல மருந்தா குடுங்க மேடம். எனக்கு இங்க வர முடியல."

பார்த்தீர்களா? தினமும் எனக்காகச் சாமி கும்பிட்டிருக்கிறது. பாசம் என்றால் இதுவல்லவா பாசம்? இதைக் காதால் கேட்டுவிட்டு ஒரு ஜட்ஜ் என்ன எழுதணும்? இந்தக் குழந்தை தாத்தாமேல் உயிரையே வைத்திருக்கிறது என்று எழுதணும். இவர் என்ன எழுதினார்? இரண்டாம் மனுதாரர் பொய்க் காரணங்களால் வேண்டுமென்றே வழக்கை இழுத்தடித்து, எதிர்மனுதாரரையும் குழந்தையையும் அலைக்கழித்தார். மனு தள்ளுபடி. வழக்குச் செலவு முழுவதையும் அவரே கட்டவேண்டும்.

அலைக்கழித்தேனாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரியே பன் வாங்கி வைத்தவன் நான். பாப்பாவைப் பார்ப்பதைத் தவிர எனக்கு அந்தக் கோர்ட்டில் வேறு என்ன வேலை? அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த ஒரு வரிக்காக மேல்கோர்ட்டுக்குப் போகலாமா என்றேன். நல்லசிவம் கட்டைக் கட்டி என் கையில் கொடுத்துவிட்டார். "வேற ஆளப் பாருங்க" என்றார்.

தீர்ப்பு சொன்ன அன்று ரேணுகா வராண்டாவில் என்னிடம் வந்தாள். கோபமாக வருகிறாள் என்று நினைத்தேன். இல்லை. "மாமா, பாப்பாவைப் பாக்கணும்னா ஊட்டுக்கு வாங்க. எப்ப வேணும்னாலும். கோர்ட்டு மட்டும் வேண்டாம்" என்றாள்.

"கோர்ட் போடச் சொல்லு உத்தரவு. வரேன்" என்றேன்.

"உத்தரவு எதுக்குங்க மாமா?"

எதுக்கா? வீட்டுக்கு வா என்றால் அது தயவு. நாளைக்கே வராதே என்பாள். உத்தரவு என்றால் பாத்தியதை. தயவில் போய் ஒரு வீட்டுப் படியேறி, காலிங் பெல்லை அடித்து, கதவு திறக்கிறவரை நிற்கிற பழக்கம் எனக்கு இல்லை. நீங்கள் பெல் அடித்தீர்கள், உங்கள் கையில் வாரண்ட் இருக்கிறது. என் கையில் என்ன இருக்கும், பன்னா?

அதனால்தான் செலவுத்தொகையைக் கட்டவில்லை. கட்டினால் கேஸ் செத்துப்போகும். கட்டாமல் இருந்தால் அவள் வசூல் மனுப் போடணும், வாரண்ட் எடுக்கணும், வந்து கை காட்டணும். ஒரு நூல் இருக்கும். அறுக்கவில்லை நான். இதில் என்ன தப்பு?

குமாஸ்தாவைக் காணோமே. மணி என்ன?

இன்று செவ்வாய். உங்களிடம் சொன்னால் சிரிக்க மாட்டீர்களே? எங்கள் வாய்தா பெரும்பாலும் செவ்வாயில்தான் விழும். தீர்ப்புக்குப் பிறகு, செவ்வாய் விடிந்தால் அந்தக் குளியலறையில் சத்தம் வருகிறது. சின்னப் பிள்ளை வாந்தி எடுக்கிற சத்தம். ஒரு தரம் எடுத்து, நின்று, மறுபடி. பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம். பிளம்பரைக் கூட்டி வந்தேன். குழாயில் காற்றுங்க என்று சொல்லிப் பைப்பை மாற்றினான். அடுத்த செவ்வாய் வந்தது. மேல்தொட்டியைக் காலி பண்ணினேன், மோட்டாரை நிறுத்தினேன். வந்தது. பூமிக்குள் தண்ணீர் நகர்கிற சத்தத்தை மேலே நின்று கேட்டுச் சொன்னவன் நான். எது தண்ணீர், எது இல்லை என்று எனக்குத் தெரியாதா?

இப்போதெல்லாம் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்க் கதவுப் பக்கத்தில் நிற்கிறேன். வாய் கொப்பளிக்க வேண்டுமே. எனக்கு அதெல்லாம் பழக்கமில்லை. கோர்ட்டில் அவள்தான் தலையைப் பிடித்துக்கொள்வாள். வேட்டியில் தெறிக்கும் என்று நான் தள்ளி நிற்பேன். இங்கே தள்ளி நிற்பதில்லை. சத்தம் நிற்கிறவரை சொம்பைப் பிடித்துக்கொண்டே நிற்கிறேன். கதவைத் திறப்பதில்லை. திறந்தால் நின்றுபோகிறது.

அப்புறம் இந்த நோய்கள். மூச்சு முதலில் வந்தது. அடுத்தது முட்டி. இப்போது தலைசுற்றல். சர்டிபிகேட்டில் எழுதின அதே வரிசை. டாக்டர் வயசு என்கிறார். வயசுக்கு வரிசை தெரியுமா? இதை எல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நம்புகிற ஆள் இல்லை, நான் அத்தனை முறை சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை சத்தம் பலமாக இருந்தது. சரி, கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

உங்கள் போன். எடுங்கள், எடுங்கள்.

குமாஸ்தாவா? எங்கே இருக்கிறானாம்? ஏன் எழுந்துவிட்டீர்கள்?

வாரண்டைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்கிறானா. எதற்கு?

புரியும்படி சொல்லுங்கள். ரேணுகா எழுதிக் கொடுத்துவிட்டாளா? என்னவென்று? செலவுத்தொகை முழுவதும் வந்து சேர்ந்துவிட்டது, இனி பாக்கி இல்லை, மனுவை முடித்துக்கொள்ளலாம் என்றா? இன்று காலையிலேயே கொடுத்துவிட்டார்களா?

யார் கட்டியது? நான் கட்டவில்லை. தனசேகரா? அவனும் இல்லையா? கேளுங்கள் குமாஸ்தாவை, நன்றாகக் கேளுங்கள். யாரும் கட்டவில்லை. கட்டாததை வந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். பொய். கோர்ட்டிலேயே பொய். இத்தனை வருஷத்தில் ஒரு பொய் சொல்லாத பெண்.

ஓசூருக்குப் போகிறார்களா. வேலை மாற்றலா. பாப்பாவுக்கு ஸ்கூலும் பார்த்தாயிற்றா. வேறென்ன சொன்னாளாம்? இந்தப் பணத்துக்காகப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு இன்னொரு தரம் பஸ் ஏற மாட்டேன் என்றாளா.

ம்.

ஓசூரில் எந்தத் தெரு என்று கேளுங்கள். தெரியாதா. சரி, விடுங்கள். வேண்டாம்.

நில்லுங்கள். இதோ பீரோ சாவி, பிடியுங்கள். யாரும் கை காட்ட வேண்டாம், நானே காட்டுகிறேன். அது டி.வி. அது பீரோ. உள்ளே ஃபிரிட்ஜ் இருக்கிறது, புதுசு. எடுத்துக்கொண்டு போங்கள். இரண்டாம் மனுதாரர் பணம் கட்டவில்லை, வீட்டில் இருந்தார், பாக்கி இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார் என்று எழுதுங்கள். எழுத மாட்டீர்களா? அப்படியென்றால் நானே மனுப் போடுகிறேன். கடன்பட்டவன் நான் வந்து சொல்கிறேன், கடன் தீரவில்லை என்று. அப்போது அவளைக் கூப்பிட்டு விசாரித்துத்தானே ஆகணும்? ஓசூரில் இருந்தாலும் வந்துதானே ஆகணும்?

மாட்டார்களா.

சரி. உங்கள் மேல் தப்பில்லை, நீங்கள் போங்கள். பார்த்து, படி ஈரமாக இருக்கிறது.

அமீனா சார், ஒன்று மட்டும். உங்கள் பேனாவால் அந்த வாரண்டுக்குப் பின்னாலேயே எழுதினாலும் போதும். ஒரு தேதி. சும்மா ஒரு தேதி போட்டுக் கொடுத்துவிட்டுப் போங்கள். எத்தனை மாதம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை. காலையிலேயே வந்துவிடுவேன்.